ஐந்து காசுப் பைக்கு ஏன் இத்தனை கோபம்?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது சிங்கப்பூர்ச் சங்கதி. 2023 ஜூலை 3 முதல், ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் விற்பனை செய்யும் பேரங்காடிகள் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வாங்கியாக வேண்டும் என்று விதி வந்தது. உங்கள் அப்பா எண்பது வெள்ளிக்குச் சாமான் வாங்கிவிட்டு, அந்த ஐந்து காசுக்காக இன்றும் காசாளரிடம் வாக்குவாதம் செய்கிறார். மற்ற நாடுகளிலும் மக்கள் இப்படித்தான் கோபப்பட்டார்களா, கோபம் பிறகு தணிந்ததா, தணிந்தது என்றால் மனம் மாறித் தணிந்ததா, சலித்துப்போய் அடங்கியதா என்று கேட்கிறீர்கள். ஐந்து காசு அப்பாவின் சட்டைப்பையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அவருக்குள் எதையோ தொட்டிருக்கிறது, அது என்ன என்பதுதான் உங்கள் கேள்வியின் உட்கிடை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் சுற்றுச்சூழல் பொருளியல் படித்தவள். படித்த காலத்தில், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில், ஒரு பேரங்காடியில் மாலை நேரக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். 2011 அக்டோபர் 1 அன்று அங்கே பைக்கு 5 பென்ஸ் கட்டாயமானது. பிறகு இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், கழிவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். 2015 அக்டோபர் 5 அன்று அங்கேயும் அதே கட்டணம் வந்தது. ஆக, ஒரே கோபத்தை ஒருமுறை கல்லாவுக்குப் பின்னாலிருந்தும் ஒருமுறை அலுவலகத் தொலைபேசியிலும் கேட்டவள் நான். சிங்கப்பூரில் வாழ்ந்ததில்லை, அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்தறிந்தவை.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் வைத்தால் பை எடுப்பது குறைகிறது, அதுவும் மிகப் பெரிய அளவில் குறைகிறது. அயர்லாந்து 2002 மார்ச் 4 அன்று பைக்கு 15 சென்ட் வரி விதித்தபோது, ஆண்டுக்குத் தலைக்கு 328 என்று மதிப்பிடப்பட்டிருந்த பைகள் 21 ஆக இறங்கின. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டு ஏழு பெரிய பேரங்காடி நிறுவனங்கள் மட்டும் 760 கோடிப் பைகளைக் கொடுத்திருந்தன. தலைக்கு ஏறத்தாழ 140. 2019-20 கணக்கில் அந்தக் கடைகளில் ஒருவர் ஆண்டுக்கு வாங்கியது சுமார் 4 பைகள். ஒரு பொருளின் விலையைக் கொஞ்சம் ஏற்றினால் விற்பனை கொஞ்சம் குறையும் என்பது பொருளியலின் பாலபாடம். இங்கே ஏற்றியதோ ஒரு தேநீர் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. விளைவோ இத்தனை பெரியது. அந்தப் பொருத்தமின்மைக்குள்தான் உங்கள் அப்பாவின் கோபமும் இருக்கிறது.

2011 அக்டோபரில் அந்த முதல் சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை எங்கள் கல்லாவின் மறுமுனையில் இரும்புக் கொக்கியில் பைகள் கட்டாகத் தொங்கும். ஒன்றை இழுத்தால் அடுத்தது தானாக வாய் திறந்துகொண்டு நிற்கும். பாலுக்கு ஒன்று, சோப்பு வாசம் ஏறாமலிருக்க அதற்குத் தனியே ஒன்று, கோழிக்கு இரட்டைப் பை என்று யாரும் கேட்காமலேயே போட்டுக் கொடுப்போம். வெள்ளி இரவு கடை மூடிய பிறகு அவற்றையெல்லாம் கழற்றிக் கல்லாவுக்கு அடியில், எங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "பை வேண்டுமா? ஐந்து பென்ஸ் ஆகும்." அன்று மாலை, வேலை முடிந்து வழக்கமாக வருகிற ஒருவர் முட்டைப் பெட்டி, பால், ரொட்டி, நான்கு தகரடப்பா பீன்ஸ் வாங்கினார். நான் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லி எல்லாவற்றையும் முன்கையில் அடுக்கி மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு டப்பா நழுவி உருண்டு பக்கத்து வரிசைக்குப் போனது. நான் எழுந்து போய் எடுத்துவந்து அவர் கையில் வைத்தபோது, குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னார்: "முப்பது வருடமாக இந்தக் கடையில்தான் வாங்குகிறேன்."

அவர் கணக்குப் பேசவில்லை, உறவைப் பேசினார். நம் ஊர்க் காய்கறிக் கடையில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறாக வரும். அதன் விலை என்ன என்று வாங்குகிறவரும் நினைப்பதில்லை, விற்கிறவரும் நினைப்பதில்லை. ஒருநாள் கடைக்காரம்மா கறிவேப்பிலைக்குத் தனியாக ஒரு ரூபாய் கேட்டால், அந்த ஒரு ரூபாய் கொடுக்க முடியாமலா நமக்குச் சுருக்கென்கிறது? இத்தனை நாள் நீ எனக்கு வேண்டியவள் என்று சொல்லிக்கொண்டிருந்த கை இன்று மடங்கிவிட்டது என்பதுதான் வலி. பேரங்காடியில் பை என்பது கடைசியாக மிச்சமிருந்த கொசுறு. சட்டம் அதற்கு விலை வைத்தது. ஆனால் அந்த விலையைச் சொல்லும் வாய் காசாளருடையது. அதனால்தான் சட்டத்தின் மீது வர வேண்டிய கோபம் கல்லாவில் இருக்கும் பெண்ணின் மீது இறங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, கோபத்தைக் கிளப்பிய அதே கேள்விதான் பை எடுப்பதையும் குறைத்தது என்பது. முன்பு ஒன்றும் பேசாமலிருந்தால் பை வரும். வேண்டாம் என்றால்தான் வாய் திறக்க வேண்டும். பிறகு அது தலைகீழானது. வேண்டும் என்பவர் கேட்க வேண்டும், பின்னால் வரிசை நிற்கையில் கேட்க வேண்டும், கேட்டதற்கு ரசீதில் ஒரு வரி விழும். ஐந்து பென்ஸின் வேலையில் பெரும்பகுதியை இந்தத் தடங்கல் செய்தது என்பது என் கருத்து. எத்தனை பங்கு காசு, எத்தனை பங்கு கேள்வி என்று பிரித்து அளந்து காட்ட என்னால் இயலாது. கல்லாவில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரங்களில் கேட்க ஆளில்லாததால் பை எண்ணிக்கையைக் குறைத்துப் போட்டுவிட்டுச் செல்வதை இங்கேயும் பார்த்தோம். சிங்கப்பூரிலும் அப்படிச் செய்திகள் வந்ததைப் படித்தேன்.

காசு தரும் உணர்வைப் பற்றி நல்ல சான்று ஒன்று வாஷிங்டன் நகரத்திலிருந்து கிடைத்தது. அங்கே 2010 ஜனவரி 1 முதல் பைக்கு 5 சென்ட் வரி. அனகோஸ்டியா ஆற்றைச் சுத்தம் செய்யும் நிதிக்கு அதில் பெரும்பங்கு போயிற்று. அந்த வட்டாரத்துக் கடைகள் சில, அதற்கு முன்பே, சொந்தப் பை கொண்டுவருகிறவர்களுக்கு 5 சென்ட் கழித்துக் கொடுத்துவந்தன. தத்யானா ஹோமனோஃப் என்ற பொருளியலாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தள்ளுபடி கொடுத்த இடத்தில் ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. வரி விழுந்த இடத்தில் பை எடுப்பவர்களின் பங்கு பாதியளவுக்குக் குறைந்துபோனது. தொகை ஒன்றே. வந்து சேர்கிற ஐந்து சென்ட்டை யாரும் கவனிக்கவில்லை. கையை விட்டுப் போகிற ஐந்து சென்ட் எல்லோரையும் உறுத்தியது. "கட்டணம் போடுவானேன், பை கொண்டுவருபவருக்குத் தள்ளுபடி கொடுத்தால் சண்டையே இல்லையே" என்று எங்கள் கவுன்சில் தொலைபேசியில் எத்தனையோ பேர் நல்லெண்ணத்துடன் சொன்னார்கள். சண்டை இருக்காது என்பது உண்மை. பையும் குறையாது.

இங்கிலாந்தில் கட்டணம் வருவதற்குச் சற்று முன், டெய்லி மெயில் நாளிதழ் பிளாஸ்டிக் பைகளால் குழப்பம் வரப்போகிறது என்று முதல் பக்கத்தில் எழுதியது. பைகளை ஒழிக்க வேண்டும் என்று 2008இல் பெரிய இயக்கமே நடத்திய நாளிதழும் அதுதான். குழப்பம் என்று அவர்கள் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. முழுநேரப் பணியாளர் கணக்கில் 250 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு விலக்கு; காகிதப் பைக்கு விலக்கு; பச்சை மீன், இறைச்சி, மருந்துச் சீட்டுக்கு வாங்கும் மருந்து, தண்ணீரில் உயிரோடு வாங்கும் மீன் எல்லாவற்றுக்கும் விலக்கு. மீனோடு ரொட்டியும் வாங்கினால் என்ன செய்வது என்று காசாளருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. வேல்ஸில் சிறிய கடை, பெரிய கடை, காகிதம், பிளாஸ்டிக் என்ற வேறுபாடு இல்லாமல் கட்டணம் வைத்திருந்தார்கள். அங்கே நான் கேட்ட புகார்களில் "அங்கே இல்லை, இங்கே மட்டும் ஏன்" என்பது கிடையாது. இங்கிலாந்தில் அதுதான் முதல் புகார். கடைசியில் 2021 மே 21 அன்று கட்டணத்தை 10 பென்ஸாக உயர்த்தியபோது, எல்லாக் கடைகளுக்கும் அதை விரித்தார்கள். என் பார்வையில் அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மக்கள் கட்டணத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு தெருவுக்குள் இரண்டு நீதி இருப்பதைப் பொறுப்பது கடினம்.

இரண்டாவது பெரிய சந்தேகம், அந்தப் பணம் எங்கே போகிறது என்பது. அரசாங்கம் புறவாசல் வழியாக வரி போடுகிறது என்று பாதிப்பேர் சொன்னார்கள். கடைக்காரன் இதிலும் லாபம் பார்க்கிறான் என்று மீதிப்பேர் சொன்னார்கள். இங்கிலாந்தில் அது வரி இல்லை. மதிப்புக் கூட்டு வரியாக அந்த ஐந்து பென்ஸில் ஒரு பென்னிக்கும் குறைவாகவே அரசுக்குப் போயிற்று. மிச்சத்தை நற்பணிகளுக்குக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது, ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எத்தனை பை விற்றது, பணம் என்ன ஆயிற்று என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டினால் போதும். முதல் ஐந்தாண்டுகளில் 15 கோடிப் பவுண்டுக்கும் மேல் நற்பணிகளுக்குப் போனதாக அரசுக் கணக்கு. வட அயர்லாந்தில் 2013இல் வந்த கட்டணம் நேராக அரசுத் துறைக்குப் போனது. அயர்லாந்துக் குடியரசு அதற்கென்று ஒரு சுற்றுச்சூழல் நிதியை வைத்து அதில் சேர்த்தது. மூன்று வழியிலும் பைகள் குறைந்தன; ஆனால் புகார்க் கடிதங்களைப் படித்தவள் என்ற முறையில், பணம் போகிற இடத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் கோபம் சீக்கிரம் ஆறும் என்பேன். "ஆற்றைச் சுத்தம் செய்ய" என்பது ஒரு வாக்கியம். "கடைக்காரரின் விருப்பப்படி, நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு" என்று தொடங்குகிற எதையும் வரிசையில் நிற்பவர் கேட்கமாட்டார்.

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் வரிக்கு முன்பு, 1999இல், பைக்கு எவ்வளவு கொடுக்கத் தயார் என்று மக்களைக் கேட்டிருந்தார்கள், சராசரியாக 2.4 சென்ட் என்று விடை வந்தது. அரசு அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் வைத்தது. கொந்தளிப்பு வரும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். டப்ளின் பொருளியலாளர் பிராங்க் கான்வரியும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் எழுதிய ஆய்வுக்கு, ஐரோப்பாவிலேயே மக்களுக்கு மிகவும் பிடித்த வரியோ இது என்று கேட்கும்படி தலைப்பு வைத்தார்கள். தெருக்குப்பையில் பைகளின் பங்கு 2001இல் 5 விழுக்காடு. அடுத்த ஆண்டே அது அரை விழுக்காட்டுக்கும் கீழே போனது. வேலிமுள்ளில் மாட்டிப் படபடத்துக்கொண்டிருந்த பைகள் சில மாதங்களில் கண்ணுக்கு மறைந்தன. அயர்லாந்துக்காரர்களின் ஆதரவுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை. ஆண்டுகள் போகப் போக 15 சென்ட் உறுத்துவது குறைந்து, பை எண்ணிக்கை மெல்ல மேலேறத் தொடங்கியதும், 2007 ஜூலையில் 22 சென்ட்டாக உயர்த்தினார்கள்.

இதற்கு நேர்மாறாக நடந்த இடம் தென்னாப்பிரிக்கா. அங்கே சாலையோரமெங்கும் பைகள் ஒட்டிக்கிடந்ததைப் பார்த்து அவற்றைத் தேசிய மலர் என்றே சொல்லிவந்தார்கள். 2003 மே மாதம் மெல்லிய பைகளைத் தடைசெய்து, கெட்டிப் பைக்கு அந்நாட்டுப் பணத்தில் 46 சென்ட் வாங்கத் தொடங்கினார்கள். உடனே பயன்பாடு சரிந்தது. ஆனால் தொழில்துறையின் நெருக்கடியில் சில மாதங்களிலேயே விலையைக் குறைத்தார்கள். குறைந்த விலைக்கு மக்கள் பழகிக்கொண்டார்கள். பைகள் படிப்படியாகத் திரும்பி வந்தன. முதல் கோபத்துக்கு அஞ்சிப் பின்வாங்கினால் கோபமும் மிஞ்சும் பையும் மிஞ்சும் என்பதற்கு, நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் காட்டுகிற எடுத்துக்காட்டு அது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: மனம் மாறியதா, சலிப்பா? இங்கிலாந்துக் கட்டணத்தை ஒட்டி, கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டணத்துக்கு முன்பும் பின்பும் மக்களைத் தொடர்ந்து கேட்டுவந்தார்கள். முன்பு கட்டணத்தை ஆதரித்தவர்கள் 52 விழுக்காடு, பிறகு 62. ஆண், பெண், வயது, வருமானம் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் பை எடுப்பது குறைந்திருந்தது. இன்னொன்றையும் கண்டார்கள்: பைக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டவர்கள், பிளாஸ்டிக் பாட்டில் போன்ற வேறு பொருள்களுக்குக் கட்டணம் வைப்பதற்கும் முன்னைவிட இணக்கமாகியிருந்தார்கள். சலித்துப்போய் அடங்கியவர்கள் அடுத்த கட்டணத்துக்குத் தலையாட்டமாட்டார்கள். ஆகையால் ஒரு பகுதியினரிடமாவது உண்மையான மாற்றம் நடந்தது என்று நான் எண்ணுகிறேன். ஆனால் 62 என்றால் 38 பேர் ஆதரவாக இல்லை என்றும் பொருள். அவர்களும் பையோடுதான் கடைக்கு வருகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அவர்களில் நிறையக் கூட்டாளிகள் இருக்கிறார்கள்.

மாற்றம் எந்த வழியில் நடந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தாங்கள் செய்யத் தொடங்கிவிட்ட காரியத்துக்கு ஏற்ப மனிதர்கள் தங்கள் எண்ணத்தை வளைத்துக்கொள்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். அஞ்சிய அளவுக்குத் தொல்லை இல்லை என்று கண்டுகொண்டதால் எதிர்ப்பு கரைந்தது என்பது மற்றொன்று. ஸ்டாக்ஹோம் நகரத்துக்குள் கார் நுழையக் கட்டணம் வைத்தபோதும் இதே வடிவம் தெரிந்தது: முதலில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள், 2006இல் ஏழு மாதம் சோதனையாக நடத்திவிட்டு வாக்கெடுப்பு வைத்தபோது நகரவாசிகளில் பெரும்பாலோர் வேண்டும் என்றார்கள். நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம் சாய்கிறேன். ஆனாலும் என் கல்லா அனுபவம் மூன்றாவது ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறது. கூச்சம் இடம் மாறியதுதான் அது.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையும் துணிக்கடை மஞ்சப்பையும் வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. பிறகு கையில் மஞ்சப்பையோடு பட்டணத்தில் இறங்கினாலே ஊர்நாட்டான் என்று பார்க்கும் நிலை வந்தது. கடையில் கொடுக்கும் பளபளப்பான பைதான் மரியாதை என்றாயிற்று. அதனால்தான், 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே அந்தக் கூச்சத்தை நீக்கப் பாடுபட வேண்டியிருந்தது. வேல்ஸில் அந்தக் கூச்சம் மறுபக்கம் திரும்புவதை நான் ஒரு குளிர்காலத்துக்குள் கண்டேன். அக்டோபரில் பை கொண்டுவந்தவர்கள் அதைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு எடுத்தார்கள். வேறொரு கடையின் பெயர் அச்சிட்ட பையை எங்கள் கல்லாவில் விரிப்பது தகுமா என்று என்னிடமே கேட்டார்கள். பிப்ரவரியில் பை கொண்டுவராதவர்கள் "காரில் மறந்து வைத்துவிட்டேன்" என்று நான் கேளாமலேயே விளக்கம் சொன்னார்கள். யாரும் அவர்களிடம் விளக்கம் கேட்கவில்லை. ஐந்து பென்ஸைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்கள்.

இனி, ஐயத்துக்கு உரியவை. பை குறைந்தது உறுதி; அதனால் இயற்கைக்கு எத்தனை நன்மை என்பது அவ்வளவு உறுதியில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைக்குப் பதிலாக 'பேக் ஃபார் லைஃப்' என்ற பெயரில் கெட்டியான பைகளை விற்றார்கள். ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டிய அந்தப் பையை மக்கள் வாரா வாரம் வாங்கினார்கள். 2019இல் பிரிட்டனின் பேரங்காடிகள் சுமார் 150 கோடி கெட்டிப் பைகளை விற்றிருந்தன; வீட்டுக்கு ஐம்பதுக்கும் மேல். இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, மெல்லிய பையைவிடப் பருவநிலைக்குக் கேடு குறைய வேண்டுமென்றால் கெட்டிப் பையை 4 முறையாவது, பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும். ஒருமுறைப் பை எத்தனை குறைந்தது என்று மட்டும் அரசு முழங்கியபோது எங்கள் பிரிவில் சிலருக்குச் சங்கடமாகவே இருந்தது. எங்கள் கிடங்கில் கொட்டும் மூட்டைகளைப் பிரித்தபோது, அந்தக் கெட்டிப் பைகள் கசங்கக்கூட இல்லாமல் வெளிவந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

கடலைப் பொறுத்தவரை செய்தி சற்று நம்பிக்கை தருகிறது. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலடியை 1992 முதல் 2017 வரை இழுவலை போட்டு ஆராய்ந்தவர்கள், 2010 வாக்கிலிருந்து பைகள் குறைந்துவருவதாகக் கண்டார்கள். ஆனால் மொத்தப் பிளாஸ்டிக் குப்பை குறையவில்லை. மீன்பிடி வலை, கயிறு போன்றவை கூடியிருந்தன. தவிர, 2010 என்பது இங்கிலாந்துக் கட்டணத்துக்கு ஐந்து ஆண்டு முந்தியது. அயர்லாந்தும் பிற ஐரோப்பிய நாடுகளும் அதற்கு முன்பே செய்தவை, கடைகள் தாமாகவே குறைத்தவை எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். இங்கிலாந்தின் 5 பென்ஸ்தான் கடலைக் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

எதிர்ப்பாளர்கள் சொன்னவற்றில் ஒன்றை நான் இன்றும் முழு நியாயமாகக் கருதுகிறேன். "வெள்ளரிக்காயை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி விற்கிறவன், என் பைக்குக் காசு கேட்கலாமா?" என்று ஒரு மூதாட்டி கல்லாவில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை; எனக்குப் பதில் இல்லை. அவர் கூடையில் பைக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக்கின் எடை, அவர் எடுக்க நினைத்த பையின் எடையைவிடப் பல மடங்கு. வாங்குகிறவரின் கையில் உள்ள சிறு பகுதியைச் சட்டம் தொட்டது, விற்கிறவரின் கையில் உள்ள பெரும்பகுதியைத் தொடவில்லை. கட்டணத்தை ஆதரிப்பவள் நான். அதனாலேயே இந்தக் கேள்வியை ஆதரவாளர்கள் தட்டிக்கழிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் அப்பா சொல்வதாக நீங்கள் எழுதியிருப்பது வேறொரு காரணம்: கடைப் பை இல்லாவிட்டால் வீட்டுக் குப்பையை எதில் கட்டுவது? இதுவும் வெறும் சாக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் ஊருக்கு ஊர் கடைப் பைகளைத் தடைசெய்தபோது, குப்பைக்கான சிறு பைகளின் விற்பனை கூடியதை ரெபெக்கா டெய்லர் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார்; தடையால் மிச்சமான பிளாஸ்டிக்கில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அந்த வழியில் திரும்பிவிட்டது. அடுக்குமாடியில் குப்பைக் குழாய்க்குள் போடுகிற சிங்கப்பூர் வீடுகளில், ஈரக் குப்பையைக் கட்டாமல் போட்டால் கரப்பானும் நாற்றமும் வரும். அங்கே கடைப் பைக்கு இரண்டாவது வேலை ஒன்று எப்போதுமே இருந்தது. பிரிட்டனில் பலருக்கு அது இல்லை. ஆகையால் எங்கள் நாட்டு எண்களை அப்படியே உங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சுற்றுச்சூழல் பாடம் எடுக்க வேண்டாம்; கல்லாவில் அது ஒருபோதும் பலித்ததில்லை. பையை மறந்து வருவதற்கு மனமில்லாமை காரணமாக இருந்ததை நான் அரிதாகவே பார்த்தேன்; பெரும்பாலும் அது கைக்கு எட்டும் இடத்தில் இல்லாததுதான் காரணம். வீட்டுச் சாவி மாட்டுகிற அதே கொக்கியில் இரண்டு துணிப்பையை மடித்து மாட்டிவையுங்கள். வாரத்துக்கு வீட்டில் எத்தனை குப்பைப் பை செலவாகிறது என்று எண்ணி, அத்தனை கடைப் பையை மட்டும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை பயன்படுகிற பைக்கு ஐந்து காசு கொடுப்பதில் தவறில்லை, அதற்காக அவர் குற்ற உணர்வு கொள்ளவும் வேண்டாம். காசாளரிடம் மட்டும் சண்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு மாலைக்குள் அந்தக் கேள்வியை இருநூறு பேரிடம் கேட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெண் அவர்; அந்த ஐந்து காசை அவர் வைக்கவில்லை.